அட்டைக்கு ஒத்த முகம்

முதல் அடி பேணாட்டின் காதோரத்தில் விழுந்தது. துவக்குப் பிடியால் அடித்த அடி. சைக்கிளோடு சாய்ந்தான். கரியரில் கட்டியிருந்த பொதி அவிழ்ந்து, வீட்டுக்கென்று கொண்டுவந்த பாண் இரண்டும் நிலாவெளி வீதிப் புழுதியில் உருண்டன. ஞாயிறு பூசை முடிந்து வந்த சனம் வரிசையில் நின்று பார்த்தது. பெண்களின் வரிசையில் அவன் மனைவி சீலா நின்றாள். அவள் பாய்ந்து ஓடிவிடாதபடி பக்கத்தில் நின்ற ஒருத்தி அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அடித்தவன் மீசை சரியாக முளைக்காத ஆமிக்காரன். அடையாள அட்டையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் பேணாட்டின் தாடையை நிமிர்த்தினான். அட்டையைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். மறுபடி அட்டையைப் பார்த்தான்.

“இது நீ இல்லை,” என்றான், தெரிந்த தமிழில்.

“நான்தான் சேர். மருந்து குடிச்சு முகம் வீங்கிப்போச்சு.”

“பொய். யாருடைய ஐசி? எங்கே எடுத்தது?”

“என்ரதான் சேர். அந்தோனியார் அறிய என்ரதான்.”

அந்தோனியாரை அவனுக்குத் தெரியாது போலும். அடுத்த அடி வாயில் விழுந்தது. கடைவாய்ப் பல் ஒன்று இரத்தத்தோடு கழன்று வந்தது. பேணாட் அதை உள்ளங்கையில் துப்பி வைத்துக்கொண்டு, எங்கே போடுவதென்று தெரியாதவனாக நின்றான். இரத்தம் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. அந்த நேரம் சென்றிக் காவலரணுக்குள்ளிருந்து வயதான சார்ஜன் ஒருவன் வந்து எட்டிப் பார்த்திராவிட்டால் என்ன நடந்திருக்குமோ. அவன் முகாமுக்குப் பாண் வாங்க வந்து போகிறவன். “மே அப்பே பான் பாஸ்,” இது நம்முடைய பாண்காரன் என்று சொல்லிச் சிரித்தான். சிரித்ததோடு விட்டுவிட்டார்கள். சீலா புழுதியில் கிடந்த பாணைப் பொறுக்கித் தட்டி எடுத்தாள். பாணை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. யுத்தநிறுத்தம் கடதாசியில் இருந்தது. வீதியில் நாளுக்கொரு பிணம் கிடந்தது.

அந்தப் பொடியனை முழுக்கவும் பிழை சொல்வதற்கில்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். அட்டையில் இருந்தவன் பதினேழு வயதுப் பேணாட்: ஒட்டின கன்னம், துருத்தின தாடை, கொக்குக் கழுத்து. எதிரே நின்றவனுக்கோ முகம் பூசணிக்காய். கன்னம் ஊதிக் கண் இடுங்கி, பிடரியில் ஒரு திரட்டுச் சதை வேறு. கைகால் மட்டும் பழையபடி மெலிவு. வேறொருவனின் தலையை எடுத்து அவன் கழுத்தில் வைத்ததுபோல இருந்தான். சுனாமி வந்து இறக்கக்கண்டியில் அவர்களுடைய வீட்டைக் கொண்டுபோனபோது, அட்டை இருந்த தகரப்பெட்டி மட்டும் வேலியில் சிக்கி மிஞ்சியது. அட்டையைப் பறிகொடுத்த சனம் முகாமில் வைத்துப் புது அட்டை, புதுப் படம் என்று எடுத்துக்கொண்டது. பேணாட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடலும் அவனுக்கு வஞ்சகம்தான் செய்தது.

அவன் நிலாவெளிச் சந்தியில் கலீலுர் றஹ்மான் முதலாளியின் பேக்கரியில் மாக் குழைக்கிறவன். பதினெட்டு வயதிலேயே மேசைக்கு வந்தவன். இரவெல்லாம் மா, பகலெல்லாம் நித்திரை. வெயில் என்பது அவன் போர்வைக்குள் இருந்தபடி வெளியில் கேள்விப்படுகிற சமாச்சாரம். நல்ல கைகாரன், அவன் குழைத்த மாவில் சுட்ட பாண் மறுநாளும் மெதுவாக இருக்கும் என்று நிலாவெளி முழுக்கப் பேச்சு. அந்த மாவே அவனுக்குக் கூற்றுவனாக வந்தது. முதலில் தும்மல். பிறகு கையில் தடிப்பும் கடியும். பிறகு தொய்வு என்கிற மூச்சிழுப்பு. சாக்கை அவிழ்த்து மாவைக் கொட்டின மறுகணம் நெஞ்சு விசிலடிக்கும். சுனாமிக்குப் பிந்திய வருடம் ஒருநாள் மேசையிலேயே நீலம் பாரித்து விழுந்தான். திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைக்கவைத்து, வாயில் வைத்து இழுக்கிற பம்பும் கொடுத்து, நாள் தவறாமல் போடச் சொல்லிச் சின்னஞ்சிறு வெள்ளைக் குளிசையும் கொடுத்தார்கள். குளிசை மூச்சைக் கொடுத்தது. கொடுத்த கையோடு முகத்தை எடுத்துக்கொண்டது.

பல் போன கிழமையே கிளினிக் நாள் வந்தது. டொக்டர் பாக்கியரத்தினம் அவனுடைய வாயைத் திறந்து பார்த்தார். எப்படி நடந்ததென்று கேட்கவில்லை. அந்தக் காலத்தில் திருகோணமலையில் எந்த டொக்டரும் அதைக் கேட்பதில்லை. சீலாதான் கேட்டாள்.

“டொக்டர், இந்தக் குளிசை ஏன் இவற்ற முகத்தை இப்பிடிப் பண்ணுது? இந்த முகத்தாலதான் அடி விழுகுது.”

டொக்டர் பேனையை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். வெளியே வரிசை நீண்டு கிடந்தது. ஆனாலும் அவசரப்படவில்லை.

“மா உங்கட உடம்புக்கு ஒண்டும் செய்யாது, பேணாட். வெறும் தூசிதான். உங்கட உடம்பில காவலுக்கு நிக்கிற ஆக்கள் அதை எதிரியெண்டு நினைச்சிட்டினம். மாவைக் கண்டவுடன கண்மண் தெரியாமச் சுடத் துவங்கினம். மாவுக்கு ஒரு சேதமும் இல்லை. சேதமெல்லாம் உங்கட சுவாசக்குழாய்க்குத்தான்.”

“எங்கட வீதியில நடக்கிறதுதான், டொக்டர்,” என்றான் பேணாட், வீங்கின உதட்டால்.

அவர் சிரிக்கவில்லை. “ஒவ்வொரு கலத்துக்கு உள்ளயும் கரு எண்டு ஒண்டு இருக்கு. கட்டளை எல்லாம் அங்கயிருந்துதான். கண்டவன் நிண்டவன் அங்க போய்க் கதைக்க ஏலாது. அதுக்கெண்டு வாங்கி எண்டு ஒரு ஆள் இருக்கிறார். இந்தக் குளிசை போய் அவற்ற கையைப் பிடிச்சால், அவர் அதைக் கருவுக்குள்ள கூட்டிக்கொண்டு போய், ‘சூட்டை நிப்பாட்டுங்கோ’ எண்டு கட்டளையை மாத்துவிப்பார். ஆனால் அந்த வாங்கி உடம்பு முழுக்க இருக்கிறார். நெஞ்சில சூட்டை நிப்பாட்டுற அதே குளிசை, முகத்தில கொழுப்பைச் சேர்க்கச் சொல்லியும் கட்டளை குடுத்துப்போடும்.”

“வேற வழி இல்லையே, டொக்டர்?”

“விற்றமின் டீக்கும் அப்பிடி ஒரு வாங்கி இருக்கு. ஏக்கும் இருக்கு. எல்லாம் ஒரே குடும்பத்து ஆக்கள். எல்லாரும் போய்க் கதைக்கிறது கருவுக்குள்ளதான். டீ போதுமானளவு இருந்தால், குளிசையின்ர கதையை உடம்பு இன்னும் கொஞ்சம் கூடக் கேக்கும் எண்டு இப்ப ஆராய்ச்சியில சொல்லுகினம். முடிஞ்ச முடிவில்லை, நான் சத்தியம் பண்ணமாட்டன். ஆனால் இவரைப் பாருங்கோ, வெயிலையே காணாத உடம்பு. உச்சி வெயிலில சட்டையைக் கழட்டிப்போட்டுக் கொஞ்ச நேரம் இருக்கட்டும். மீன் ஈரல் குடுங்கோ, ஏயும் டீயும் அதில இருக்கு. பப்பாளி, பூசணி குடுங்கோ. சுகம் தெரிஞ்சால் குளிசையை மெல்ல மெல்லக் குறைப்பம். குறையக் குறைய முகமும் திரும்பும்.”

முகமும் திரும்பும் என்ற சொல்லில் பேணாட்டின் இடுங்கின கண் இரண்டும் விரிந்ததைச் சீலா கண்டாள். டொக்டரும் கண்டிருக்க வேண்டும். விரலை நீட்டி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“ஆனால் நீங்களா விடக்கூடாது. இந்தச் சாமானை உங்கட உடம்பு முந்தித் தானே சுரந்தது. வெளியிலயிருந்து வருகுதெண்டு கண்டவுடன அது நித்திரைக்குப் போயிட்டுது. எழும்ப மாசக்கணக்கு எடுக்கும். காய்ச்சல் வந்தால், அடிகாயம் பட்டால், குளிசையைக் கூட்டிப் போடவேணும். இல்லாட்டில் உடம்பு நிண்ட நிலையில விழும். சத்தி எடுத்தால் குளிசை வயித்தில நிக்காது, உடன இஞ்ச கொண்டுவாங்கோ, ஊசி போடவேணும். விளங்கிச்சுதே?”

விளங்கியது. இரண்டு பேருக்கும் நன்றாகவே விளங்கியது. டொக்டர் சொல்லாமல் விட்டது என்றோ, அவர்கள் கேளாமல் விட்டது என்றோ பிற்பாடு யாரும் கதை கட்ட முடியாது.

பக்கத்து வளவு அபூதாஹிர் கடல்தொழிலுக்குப் போகிறவர். சுறா கிடக்கிற ஆழத்துக்கு நேவி விடாது. கரையோரம் வலைபோட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். திருக்கை பட்டால் ஈரலை அறுத்து ஓலைப்பட்டையில் வைத்து வேலிக்கு மேலால் நீட்டுவார். சீலா அதைக் குசினியில் உருக்கி எண்ணெய் எடுப்பாள். நாற்றம் ஊரைக் கூட்டும். கரண்டியோடு அவள் வர, பேணாட் மூக்கைப் பொத்துவான்.

“இதைக் குடிக்கிறதிலும் பாக்க இன்னொரு பல்லைக் குடுக்கலாம்.”

“வாயைத் திறவுங்கோ. பல்லைக் குடுத்தால் விற்றமின் தருவாங்களோ?”

உச்சி வெயிலில் வளவுக்குள் பாயைப் போட்டு அவன் வெறும் மேலோடு கிடப்பான். இருபது வருடம் மூடி வைத்த உடம்பு, அப்படி ஒரு வெள்ளை. அபூதாஹிர் வேலிக்கு அப்பால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கூப்பிடுவார். “என்ன பேணாட், போறணையில வெக்க மறந்த பாண் மாதிரிக் கெடக்கிறீங்க! மத்தப் பக்கமும் திரும்புங்க, வேகட்டும்!” சீலா சிரிப்பாள். அந்த ஆண்டில் அவள் சிரித்த நாட்கள் அவைதான். வெயிலோ, எண்ணெயோ, அல்லது மனத்தின் தேறுதலோ, இழுப்புக் கொஞ்சம் தணிந்தது. அடுத்த கிளினிக்கில் டொக்டர் அரைக் குளிசை குறைத்தார். முகத்தில் அது இன்னும் தெரியவில்லை.

அப்படிக் கிடந்த ஒரு மத்தியானம் வீதியில் கிளைமோர்க் கண்ணிவெடி வெடித்தது. ஆமி லொறி ஒன்று அம்பிட்டது. மிஞ்சினவர்கள் குதித்து இறங்கி, வீதியின் இரு பக்கமும் வளவு வளவாகச் சுட்டுக்கொண்டு போனார்கள். பனைமட்டை வேலி பொத்தல் பொத்தலாகப் பறந்தது. பேணாட் பாயிலிருந்து உருண்டு கிணற்றுக்கட்டின் மறைவுக்குப் போனான். சீலா குசினி வாசலில் குப்புறக் கிடந்தாள். சத்தம் ஓய்ந்து தலையைத் தூக்கினபோது அபூதாஹிர் வலைக்குள்ளேயே கிடந்தார். சூடு தொண்டையில் பட்டிருந்தது. வலை பொத்துகிற ஊசி இன்னும் விரலிடுக்கில் இருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், இரத்தம்தான் வந்தது. அவருடைய தலையைப் பேணாட் மடியில் தூக்கி வைத்து, கையால் ஓட்டையைப் பொத்திப் பார்த்தான். எத்தனை மா குழைத்த கை. அதால் அந்த ஓட்டையை அடைக்க முடியவில்லை.

வெயிலும் போயிற்று, எண்ணெயும் போயிற்று. அதற்குப் பிறகு இறக்கக்கண்டியில் ஒரு ஆண்பிள்ளையும் வளவுக்குள் வெளிச்சத்தில் நிற்கவில்லை.

பட்ட காலிலே படும் என்பது பொய்யில்லை. அபூதாஹிரை அடக்கம் செய்த சில நாளில் பேணாட்டைச் சென்றியில் சைக்கிளிலிருந்து இறக்கினார்கள். இந்தமுறை சார்ஜன் லீவில் ஊருக்குப் போயிருந்தான். வேறொருவனின் அட்டையில் நடமாடுகிற ஆள், கிளைமோர் வைத்தவனைத் தெரிந்த ஆள் என்று சொல்லி, கையைப் பின்னால் கட்டி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளங்காலில் பைப்பால் அடித்தார்கள். பிறகு பொலித்தீன் பை ஒன்றுக்குள் பெற்றோல் தெளித்து, அதைத் தலையில் கவிழ்த்து, கழுத்தடியில் இறுக்கிப் பிடித்தார்கள். தொய்வுக்காரனுக்குப் பை. அவன் மயங்கினால் கழற்றுவதும், தெளிந்தால் மாட்டுவதுமாக இருந்தது. பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகுது என்பார்களே, அங்கே பூனைகள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே விளையாடின.

கலீலுர் றஹ்மான் முதலாளி யார் யாரையோ பிடித்து, தன் தலையை அடகு வைக்காத குறையாகச் சொல்லி, மறுநாள் அவனை வெளியே எடுத்தார். வாசலில் அதிகாரி ஒருவன் பேணாட்டிடம் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, அதிலிருந்த படத்தை விரலால் தட்டிக் காட்டினான். “அடுத்த முறை இந்த ஆள் வரவேணும். நீ வந்தா, திரும்பிப் போகமாட்டே.”

பேணாட் வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்கப் பாயில் கிடந்தான். சீலா உள்ளங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பம்பை இழுத்துவிட்டு அவனே தொடங்கினான்.

“சீலா, நான் இந்தக் குளிசையை விடப்போறன்.”

அவள் துணியை வைத்துவிட்டாள். “டொக்டர் என்ன சொன்னவர்? நீங்களா விடக்கூடாதெண்டெல்லே சொன்னவர்?”

“சொன்னவர்தான். அவருக்கு அந்தப் பையைத் தெரியாது.”

“புது ஐடென்ரி எடுப்பம். விதானையாரிட்டப் போய் விண்ணப்பம் குடுப்பம்.”

“அது கொழும்புக்குப் போய் வர ஒரு வருசமோ ரெண்டு வருசமோ. வந்தாலும் இந்தப் பூசணிக்காயைத்தான் படம் பிடிச்சுப் போடுவாங்கள். பிறகு முகம் வத்தினால் அதுக்கும் அடி. அட்டையை மாத்துறது எவன்ரயோ கையில. முகத்தை மாத்துறது என்ர கையில இருக்கு.”

“தொய்வு வந்தால்?”

“முதலாளியோட கதைச்சிட்டன். இனி மா மேசை இல்லை. முன்னுக்குக் கடையில நிண்டு பாண் விக்கப்போறன். மாவை விட்டால் தொய்வு விடும். தொய்வு விட்டால் குளிசை எதுக்கு? பம்ப் இருக்குத்தானே.”

கேட்க ஞாயமாகத்தான் இருந்தது. அதுதான் கேடு. நித்திரைக்குப் போன அந்தச் சுரப்பைப் பற்றி டொக்டர் சொன்னது இருவருக்கும் நினைவிருந்தது. ஆனால் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நித்திரை கொள்கிற ஒன்றையும், வீதியில் துவக்கோடு முழித்து நிற்கிற ஒன்றையும் வைத்து எதற்குப் பயப்படுவது என்று கேட்டால், அந்த ஊரில் யாரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். சீலா அழுதாள். அழுது முடித்துச் சரியென்றாள். குளிசைச் சரையை வீசிவிடும்படி அவன் சொன்னான். அவள் வீசவில்லை, லேஞ்சித் துணியில் முடிந்து அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னால் வைத்தாள்.

டொக்டர் ஏசுவார் என்று கிளினிக்குக்கும் போகாமல் விட்டார்கள்.

முகம் வற்றத் தொடங்கியது. கிழமைக்குக் கிழமை கண்ணாடியில் பழைய பேணாட் கொஞ்சம் கொஞ்சமாக வந்தான். கன்னத்தில் எலும்பு தெரிந்தது, கண் பெரிதாயிற்று, பிடரிச் சதை கரைந்தது. ஒருநாள் சீலா அவன் கன்னம் இரண்டையும் கையால் ஏந்திப் பார்த்தாள். கலியாணம் கட்டின நாளில் பார்த்த முகம். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். கொளுத்தும்போது அந்த லேஞ்சி முடிச்சு அவள் கையில் தட்டுப்பட்டது. அதை இன்னும் பின்னுக்குத் தள்ளி வைத்தாள்.

முகத்தோடு வேறு சிலதும் வற்றின. காலையில் எழும்பினால் அவனுக்குத் தலை சுற்றியது. சோற்றைக் கண்டால் ஓங்காளம். மூட்டெல்லாம் நோ. பாண் தட்டைத் தூக்கினால் கை நடுங்கியது. முகாமில் அடித்த அடி உள்ளே இருக்கிறது, தேற நாளாகும் என்று அவன் சொன்னான். அவளும் அப்படியே நம்பினாள், நம்ப ஆசைப்பட்டாள். சென்றியில் அந்த மீசை முளைக்காத பொடியன் அட்டையைப் பார்த்துவிட்டு முகத்தை ஏறிட்டுப் பார்த்து, ஒரு சொல்லும் சொல்லாமல் கையசைத்த நாளில், பேணாட் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து வளவுக்குள் நின்று சத்தம்போட்டுச் சிரித்தான். “சீலா, விட்டிட்டான்! பாத்திட்டு விட்டிட்டான்!” அன்று அவர்கள் கருவாட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். அவன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதுமென்றான்.

அடுத்த ஆண்டு பிறந்து, வெயில் கடுத்த காலம். நிலாவெளிப் பக்கம் ரோந்து போனவர்கள்மேல் யாரோ கைக்குண்டு எறிந்தார்கள். விடிந்ததும் இறக்கக்கண்டி சுற்றிவளைப்பு. ஆண்களெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வராமல் வீட்டில் பிடிபட்ட ஒருவனை வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். பேணாட் சட்டைப் பையில் அட்டையை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு நடந்தான். “பயப்பிடாதை. இப்ப என்ர முகம் இருக்கு,” என்றான்.

அடிகாயம் பட்டால் கூட்டிப் போடவேணும் என்று சொன்ன டொக்டரின் குரல் அன்று சீலாவின் காதிலிருந்து போக மாட்டேனென்றது. அந்தோனியாருக்குப் பின்னாலிருந்து லேஞ்சி முடிச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் மற்றப் பெண்களோடு போய் நின்றாள்.

மைதானத்தில் ஆண்களைக் கொதிமணலில் சட்டையில்லாமல் குந்த வைத்திருந்தார்கள். தண்ணி இல்லை. வெயில் படச் சொன்னார் டொக்டர். அதைத் தாராளமாகக் கொடுத்தது ஆமி. ஆளைக் காட்டிக்கொடுக்கிற, சாக்கால் தலையை மூடின தலையாட்டியை ஜீப்பில் இருத்தி, அவன் முன்னால் ஒவ்வொருவராக நடத்தினார்கள். சாக்குக்குள் இரண்டு ஓட்டை, ஓட்டைக்குள் இரண்டு கண். அந்தத் தலை ஆடினால் ஆள் லொறிக்கு. நாலைந்து பேருக்கு ஆடியது. அவர்களில் ஒருவன் காலைப் பிடித்துக் கதற, தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். பேணாட்டின் முறை வந்தது. சாக்குத் தலை அவனைப் பார்த்து ஆடாமல் இருந்தது. அதிகாரி அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், போ என்றான். பேணாட் சட்டையை மாட்டி, அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வாசலில் நின்ற சீலா நினைத்தாள்.

விடுபட்டவர்கள் வெளியே போகும் வழியில் ஆமிக்காரர் இரண்டு வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவனையும் பச்சைமட்டையால் ஒன்றிரண்டு போட்டு அனுப்புவது அவர்களின் வழக்கம். சனத்துக்கும் அது பழக்கம். முதுகைக் கூனிக்கொண்டு ஓடி, வாசலைத் தாண்டினதும் உயிர் மிஞ்சின சந்தோசத்தில் சிரித்துக்கொண்டு போவார்கள். பேணாட்டுக்கு முன்னால் ஓடின கிழவர் ஒருவரும் அப்படித்தான் போனார். பேணாட்டுக்கு விழுந்தது ஒரே ஒரு அடி, இடுப்புக்கு மேலே. பெரிய அடியும் இல்லை. நாலு எட்டு வைத்தான். வாசலுக்கு இப்பால் முழங்காலில் விழுந்து, பிறகு பக்கவாட்டில் சரிந்தான்.

சீலா உள்ளே ஓடினாள். வாசலில் நின்ற பெண் சிப்பாய் அவளைப் பிடித்து இடுப்பைத் தடவி முடிச்சை உருவினாள்.

“இவ்வளவு குளிசை யாருக்கு? கொட்டியாவுக்கா?” புலிக்கா என்று கேட்டாள்.

“என்ர மனுசனுக்கு, அம்மா. அந்தா கிடக்கிறார். கும்பிட்டன், தாங்கோ. அது இல்லாட்டில் செத்துப்போவார்.”

அவள் லேஞ்சியை உதறினாள். வெள்ளைக் குளிசைகள் வெள்ளை மணலில் சிதறின. சப்பாத்துக் காலால் தேய்த்துவிட்டு அப்பால் போனாள். சீலா மணலில் நாலு காலில் தவழ்ந்து தேடினாள். எது குளிசை, எது சிப்பித்துண்டு என்று நாக்கில் வைத்துக் கசப்புப் பார்த்தாள். முழுசாக மூன்று கிடைத்தது. அதை அவன் வாயில் போட்டு, யாரோ ஒருத்தி நீட்டின தண்ணியை ஊற்றினாள். அவன் விழுங்கினான். விழுங்கிய மாத்திரத்தில் சத்தியெடுத்தான். மூன்றும் மஞ்சள் தண்ணியோடு அவள் மடியில் வந்து விழுந்தன. அவனுடைய உடம்பு வெயிலில் கிடந்தும் சில்லிட்டு வியர்த்திருந்தது.

“சீலா,” என்றான். “விட்டிட்டாங்கள்தானே?”

“ஓம், விட்டிட்டாங்கள். நீங்கள் கதைக்காதேங்கோ. ஊசி போடப் போறம்.”

கலீலுர் றஹ்மான் முதலாளி பாண் வானைக் கொண்டுவந்தார். பலகைத் தட்டுகளை இழுத்து வெளியே எறிந்துவிட்டு, தரையில் மாச்சாக்கை விரித்து அவனைக் கிடத்தினார்கள். சீலா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். “தங்கச்சி, மொகத்தில தட்டிக்கிட்டே இருங்க, நித்திரையாக விடாதீங்க,” என்று சொல்லிக்கொண்டே அவர் வானை விரட்டினார். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒட்டின கன்னம். தட்டத் தட்ட எலும்புதான் கையில் பட்டது. நிலாவெளிச் சந்தியைத் தாண்டும்போது அவன் மூச்சை நீளமாக ஒருமுறை இழுத்தான். அதில் விசில் இருக்கவில்லை, தெளிந்த மூச்சு. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள்.

சென்றியில் தடி குறுக்கே கிடந்தது. றஹ்மான் தலையை நீட்டி, ஆஸ்பத்திரிக்கு, அவசரம் என்று சிங்களத்தில் கெஞ்சினார். அவசரமானாலும் சோதனை சோதனைதான். மீசை முளைக்காத அந்தப் பொடியன் வானின் பின்கதவைத் திறந்து கையை நீட்டினான். சீலா பேணாட்டின் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

அவன் அட்டையைப் பார்த்தான். குனிந்து முகத்தைப் பார்த்தான். மறுபடி அட்டையைப் பார்த்தான். துருத்தின தாடை, ஒட்டின கன்னம், கொக்குக் கழுத்து. இந்தமுறை தாடையை நிமிர்த்த வேண்டியிருக்கவில்லை.

“ஹரி,” என்றான், முதலில் சிங்களத்தில். “இப்ப சரி. இது அவர்தானே?”

சீலா அவனை நிமிர்ந்து பார்த்தாள். மடியில் பாரம் கூடிக்கொண்டு போனது.

“ஓம்,” என்றாள். “அவர்தான்.”

பொடியன் அட்டையைப் பேணாட்டின் பைக்குள் தானே பக்குவமாக வைத்துவிட்டு, போய்த் தடியைத் தூக்கினான்.